குழம்பில் தண்ணீர், தண்ணீரில் அமிலம்

தெற்கே வேலைக்குப் புறப்படுகிற என் பிள்ளைக்கு,

பெட்டியில் உன் வெள்ளைச் சட்டைகளுக்கு மேலே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய். நீ போகாவிட்டாலும் நான் பாதியில் அழுதுவிடுவேன், அழுதால் சொல்ல வந்தது கெட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். நீ டிப்ளமா முடித்தவன், நாற்பது பேருக்கு ஷிப்டு சூப்பர்வைசராகப் போகிறவன். நான் எட்டாவது படித்துவிட்டு ஆசிட் ஷெட்டில் வேலை பார்த்தவள். ஆனாலும் நான் சொல்லப்போகிற விஷயத்தில் உன்னைவிட எனக்குத்தான் அனுபவம் அதிகம் என்று கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்கிறேன். ரயிலில் உனக்கு வேறு வேலை இருக்காது, முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு காகிதத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினாய். புது வேலையில் சுவரில் ஒட்டுவதற்காக நீயே எழுதிய அறிவிப்பு என்றாய். 'கசிவு நேரிடும் பட்சத்தில் உகந்த தற்காப்பு நடவடிக்கைகள் தாமதமின்றி மேற்கொள்ளப்படுதல் வேண்டும்.' உன் நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை, மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் மட்டும், அப்படியென்றால் அங்கே நிற்கிற ஆள் கையை எங்கே வைக்க வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன். அதெல்லாம் அவங்களுக்குப் புரியும்மா என்று சிரித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று நைனா என்னைக் கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது என் சிரிப்பு.

நம் ஆரம்பாக்கத்து அம்சா அத்தையின் கழுத்தில் இருக்கும் தழும்பு உனக்குத் தெரியும். இடது காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை வரைக்கும் இறங்கும். சின்ன வயதில் நீ கேட்டபோது அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று சொன்னேன். அவளும் தலையாட்டினாள். அது அடுப்புச் சூடு இல்லை. அதில் பாதி நான் செய்தது. இத்தனை வருஷம் உன்னிடம் மறைத்ததற்கு ஒரே காரணம், நீ என்னை அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அந்தப் பட்டத்தை விட மனம் வரவில்லை.

என் அறிவு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு அப்போது மணவாள நகரில். திருவள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவேன். பாடத்தின் கடைசியில் அருஞ்சொற்பொருள் என்று ஒரு பட்டியல் வருமே, அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் பொருள், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். அதற்குக் கீழே 'சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்று இன்னொன்று வரும். அங்கேதான் என் திருட்டுத்தனம். இறும்பூது என்று சொல் கொடுத்தால், 'ஆசிரியர் இறும்பூது பற்றிக் கூறினார்' என்று எழுதுவேன். கேண்மை என்றால், 'நான் கேண்மை என்ற சொல்லை அறிவேன்.' எந்தச் சொல்லைத் தூக்கி வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும் வாக்கியம் அது. பொருள் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே மாதிரி இருக்கும். முழு மதிப்பெண் வாங்கினேன். நீ பள்ளிக்கூடம் போனபோது அதே வித்தையை உனக்கும் சொல்லிக்கொடுத்தேன், நினைவிருக்கிறதா? நீயும் முழு மதிப்பெண் வாங்கினாய். நாம் இரண்டு பேரும் வெல்லம் சாப்பிட்டுக் கொண்டாடினோம். இப்போது உன் அறிவிப்பைக் கேட்டதும் அந்த வெல்லம் கசந்துபோயிற்று.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிதில் நானும் அம்சாவும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அதுவரை இரண்டு பேரும் நடவுக்கும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவர்கள். இரும்புக் குழாய்க்குத் துத்தநாகம் பூசுகிற கம்பெனி. பூசுவதற்கு முன்னால் குழாயிலுள்ள துருவை எடுக்க அமிலத் தொட்டியில் முக்குவார்கள். அமிலம் பெரிய ஜாடிகளில் வீரியமாக வரும், அதைத் தண்ணீரோடு கலந்து தொட்டியில் நிரப்ப வேண்டும். அந்தக் கலவையை எப்போதும் மேஸ்திரிதான் செய்வார், நாங்கள் தூக்கிக் கொடுப்போம். ஒருநாள் மேஸ்திரி லீவு. காண்டிராக்டரின் ஆள் வந்து, நீங்களே கலந்துவிடுங்கள், எல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

பலகையில் எழுதியிருந்ததை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன். 'அடர் அமிலம் நீர்க்கச் செய்யப்படுங்கால் உரிய முறைமை வழுவாது கடைப்பிடிக்கப்படுதல் வேண்டும்.' அம்சாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் கணீர் என்று படித்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. "நீர்க்கச் செய்றதுன்னா இன்னாக்கா?" எனக்கு அது சட்டென்று வந்தது, அருஞ்சொற்பொருளில் முதல் மாணவி அல்லவா. தண்ணி சேத்துக் கலக்குறதுடி, இது கூடத் தெரியாதா என்று சிரித்தேன். உரிய முறைமை என்ன என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அகராதியைப் புரட்டினால் நான் சொன்ன பொருளில் ஒரு குற்றமும் காண முடியாது. ஆனால் நம் பெண்களின் கை என்ன பழகியிருக்கிறது என்று யோசித்துப் பார். கஞ்சி கெட்டியானால் கஞ்சியில் தண்ணீர் ஊற்றுவோம். குழம்பு காரமானால் குழம்பில் தண்ணீர் ஊற்றுவோம். மோரும் அப்படித்தான். அம்சாவின் கை அதையே செய்தது. தொட்டியில் அமிலம் இருந்தது, அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். தொட்டி கொதித்துச் சீறித் தெறித்தது. அவள் என்னைப் பார்த்து ஏதோ பேசத் திரும்பியிருந்தாள், அதனால் கண் தப்பியது, கழுத்து தப்பவில்லை. குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தோம். அவள் என் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

இதைவிடப் பெரிய தப்பை அதற்கப்புறம் செய்தேன். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பலகை இருந்தும் அந்தப் பெண் ஏன் அப்படிச் செய்தாள், யாராவது அதை அவளுக்குப் படித்துச் சொன்னார்களா என்று விசாரித்தார். எனக்குத் தெரியாது சார் என்றேன். நான் தூரத்தில் இருந்ததாகவும் சொன்னேன். உன் நைனா முதல் நாளே என்னை எச்சரித்திருந்தார். "வாயத் தொறந்தின்னா ரெண்டு பேரு வேலயும் பூடும். பேஜார்ல மாட்டிக்காத." அவரைக் குறை சொல்லவில்லை, அவர் சொன்னதை நான் ஆசையாகப் பிடித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டது. எச்சரிக்கைப் பலகைக்கு மாறாக நடந்துகொண்டதால் அம்சாவுக்கு இனி அந்தக் கம்பெனியில் வேலை இல்லை. அவள் புருஷன் ஏற்கெனவே போய்ச்சேர்ந்துவிட்டான். அவளுக்கு அந்த வேலை போனால் மறுபடியும் வெயிலில் யார் வயலிலாவது குனிய வேண்டும், ஆறாத கழுத்தோடு.

அந்தச் செய்தியைச் சொல்லவேண்டியவள் நான்தான் என்று தோன்றி அவள் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகல், ஊரெல்லாம் அறுப்புக்குப் போயிருந்தது. கழுத்தில் கட்டோடு கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், மேனேஜரிடம் பொய் சொன்னதையும் சேர்த்து. அவள் தவிட்டைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. கடைசியில், "உம்மேல கோவம் கீது. அது அப்பால. இப்ப சொல்லு, நீர்க்கச் செய்றதுன்னா இன்னா?" என்றாள். அதற்குள் நான் மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன், ஆகவே கம்பீரமாக ஆரம்பித்தேன். அமிலத்தின் செறிவைக் குறைப்பது என்றேன். செறிவு என்றால் என்ன என்றாள். அடர்த்தி என்றேன். அடர்த்தி என்றால் என்ன என்றாள். ஒரு சொல்லை விளக்கப் போய் இன்னொரு சொல், அதை விளக்க மூன்றாவது என்று போய்க்கொண்டே இருந்தது. அம்சா தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"நிறுத்துக்கா. நான் ஒரு வார்த்த கேட்டா நீ இன்னொரு வார்த்தய எடுத்துக் குடுக்குற. எங்கைக்கு இன்னா வேல, அத்தச் சொல்லு."

என் எட்டு வருஷப் படிப்பை ஓரமாக வைத்தேன். முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும், அமிலத்தை அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அமிலத்தின் மேல் தண்ணீர் விழவே கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். அவள் கையாலேயே காற்றில் இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக. "அப்டின்னா கொழம்புக்குத் தலகீழ்னு சொல்லேன்க்கா. ஊட்ல கொழம்புல தண்ணி ஊத்துவோம். இங்க தண்ணிலதான் ஆசிட் ஊத்தணும். அப்பதான் அது நீர்க்கும். இத்தச் சொல்லியிருந்தீன்னா நான் ஏன் தப்பா ஊத்தப்போறேன்?" அந்தச் சொல்லையும் விடாமல் வாக்கியத்தில் உட்காரவைத்துவிட்டாள், பார்த்தாயா? நீர்க்கும் என்ற சொல்லை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறவனுக்கும் அது புரியும். கூடவே கை தப்புப் பண்ணவும் விடாது.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். அன்றைக்குப் பொய் சொன்னேன் சார், பலகையைப் படித்ததும் நான், பொருள் சொன்னதும் நான், யாரையாவது அனுப்ப வேண்டுமானால் என்னை அனுப்புங்கள் என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. அவர் எதுவும் சொல்வதற்குள், அனுப்புவதற்கு முன்னால் கேன்டீனிலிருந்து இரண்டு பானையும் ஓர் அண்டாவும் மட்டும் கொண்டுவர அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். கோடைக்காலம், தொழிலாளருக்கு மோர் கொடுப்பார்கள். ஒரு பானையில் கெட்டி மோர், ஒரு பானையில் தண்ணீர், நடுவில் ஒரு காலி அண்டா. வெராந்தாவில் வைத்தேன். இந்த மோரை அமிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள் சார், யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு நம் பலகையைப் படிக்கச் சொல்லி, அதில் உள்ளபடி அண்டாவில் கலக்கச் சொல்லுங்கள் என்றேன். இது என்னம்மா மோர் விளையாட்டு என்றார். ஆனால் எழுந்து வந்துவிட்டார்.

முதலில் வாட்ச்மேன். பலகையை முணுமுணுத்துப் படித்தார், மோரை அண்டாவில் கவிழ்த்து அதன் மேல் தண்ணீரை ஊற்றினார். அடுத்து லாரி டிரைவர், அவரும் அதே. கூட்டம் கூடிவிட்டது. மூன்றாவதாக ஆபீஸ் கிளார்க்கை மேனேஜரே கூப்பிட்டார். அந்தப் பலகையின் வாசகத்தை எழுதிக்கொடுத்ததே அந்த மனிதர்தான். அவர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மனப்பாடமாயிற்றே. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மோரை ஊற்றி, அதன் மேல் தண்ணீரை அழகாக ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி, நிமிர்ந்து பார்த்தார். அவர் நல்ல மனிதர், பாவம். மேனேஜர் கிளார்க்கின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி அம்சாவின் கழுத்துக் கட்டைப் பார்த்தார்.

இப்போது இவள் சொல்வதைக் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள் என்றேன். அம்சா தன் வாக்கியத்தைச் சொன்னாள், சத்தமாகக்கூட இல்லை. அதுவரை வெளியே நின்றிருந்த மூன்று பேரை அழைத்தார்கள். ஒருவர் ஆந்திரா எல்லையிலிருந்து வேலைக்கு வருகிறவர், தமிழே அரைகுறை. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அண்டாவில் முதலில் தண்ணீரை ஊற்றி, அப்புறம் மோரை விட்டார்கள். மூன்றாமவர் ஊற்றும்போது ஷெட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, அழுதுகொண்டிருந்தேன், ஆனால் தலை நிமிர்ந்துதான் நின்றேன். மேனேஜர் இரண்டே விஷயம் சொன்னார். "அந்தப் பலகையைக் கழட்டுங்க." அப்புறம் அம்சாவைப் பார்த்து, "கழுத்து ஆறினதும் வேலைக்கு வாம்மா." என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாக ஷெட்டுக்குத் திரும்பிப்போய் வேலையைப் பார்த்தேன், யாரும் தடுக்கவில்லை. அன்று கேன்டீனில் எல்லாருக்கும் தண்ணீர் மோர்தான், ஒருவரும் குறை சொல்லவில்லை.

புதுப் பலகை எழுத பெயிண்டர் வந்தபோது கிளார்க், 'ஊட்ல' என்பதை 'வீட்டில்' என்று திருத்திக் கொடுத்தார். மேனேஜர் அந்தத் திருத்தத்தை அடித்துவிட்டு, அந்தம்மா எப்படிச் சொன்னாங்களோ அப்படியே எழுது என்றார். மஞ்சள் எழுத்தில், ஒரு முழ உயரத்தில் எழுதினார்கள். தொழிற்பேட்டையிலேயே ஊடு என்று எழுதிய பலகை எங்களுடையது ஒன்றுதான். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து சிரித்தார்கள். பின்னாலேயே எழுதிக்கொண்டும் போனார்கள்.

அதிலிருந்து ரயிலில் எங்களுக்கு ஒரு வழக்கம் வந்தது. ஆரம்பாக்கத்தில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வருவதற்குள் ஒருத்தி ஒரு புதுச் சொல்லைச் சொல்ல வேண்டும், கம்பெனிச் சுவரில் பார்த்த சொல்லாக இருக்க வேண்டும். அதைத் தனியாகச் சொல்லக் கூடாது, பொருளும் சொல்லக் கூடாது, ஒரு வாக்கியத்துக்குள் வைத்துத்தான் சொல்ல வேண்டும். கேட்கிறவள் யாராவது 'அப்டின்னா?' என்று கேட்டுவிட்டால், சொன்னவள் ஜன்னல் சீட்டை விட்டு எழுந்துவிட வேண்டும். புரியாதவள் மேல் குற்றம் கிடையாது, அதுதான் முக்கியமான சட்டம். படித்தவள் என்ற கொழுப்பில் நான் முதல் மாதம் முழுவதும் நின்றுகொண்டே பயணம் செய்தேன். அம்சா ஒருநாள்கூட எழுந்திருக்கவில்லை. 'கூரை பழசாயி மழத்தண்ணி ஒழுகுற மாதிரி, பைப்பு பழசானா ஆசிட் கசியும், அந்தக் கசிவத் தொடாத, மேஸ்திரியக் கூப்டு' என்பாள். இப்படி ஒவ்வொன்றாக அந்த ஷெட்டின் சுவர்கள் எல்லாம் பெண்களின் வாக்கியங்களாக மாறின. நான் மெதுவாகக் கற்றுக்கொண்டு ஜன்னல் சீட்டையும் பிடித்துவிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆகவே உன் காகிதத்தை நான் திருத்தப்போவதில்லை. உகந்த நடவடிக்கை என்று நீ எழுதினாயே, உகந்தது என்ன என்று உனக்குத் தெரியும், அதனால் அது உனக்கு நிறைவாகத் தெரிகிறது. ஷெட்டில் நிற்கிறவனுக்கு அந்த இடம் வெற்றிடம், அதில் அவன் தன் வீட்டுப் பழக்கத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வான். புதுச் சொற்களைப் பயன்படுத்தாதே என்று நான் சொல்லவில்லை. கொடு, நிறையக் கொடு, நம் ஆட்கள் சொல்லுக்குப் பயந்தவர்கள் இல்லை. ஆனால் ஒரு சொல்லைத் தனியாக அனுப்பாதே, அது என்ன செய்யும், எப்போது செய்யும், செய்தால் கைக்கு என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் ஆள் வைத்து அனுப்பு. எழுதிய பிறகு அந்த நாற்பது பேரில் எழுத்தே தெரியாத ஒருவரிடம் சொல்லிப்பார். அவர் கேள்வி கேட்டால் கோபப்படாதே, சீட்டை விட்டு எழுந்து நில்.

இந்த வெற்றி எனக்கு எப்போது முழுசாகப் புரிந்தது என்று சொல்லி முடிக்கிறேன். அம்சா வேலைக்குத் திரும்பிச் சில மாதம் கழித்து ஷெட்டுக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். அன்றைக்கு மேஸ்திரி வர நேரமாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் குழாய் அடுக்கிக்கொண்டிருந்தோம், கலவை வேலை அவளிடம் விழுந்தது. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் குழாயைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன், அம்சா என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பெண் சுவருக்கு எதிரில் நின்று, விரலால் காற்றில் தடவித் தடவி எழுத்துக்கூட்டிப் படித்தாள். குழம்பு என்ற இடத்தில் லேசாகச் சிரித்தாள். திரும்பி வந்து தொட்டியில் தண்ணீரை நிரப்பினாள். பிறகு ஜாடியைச் சாய்த்து, அமிலத்தை மெல்லிய நூலாக அந்தத் தண்ணீரில் விட்டாள். தொட்டி சாதுவாகக் கிடந்தது.

அம்சா என் முந்தானையை விடவே இல்லை. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள் அவள். கண் நிறைய அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு, ஏதோ அதிசயத்தைக் கண்டவள் போல என் காதில் சொன்னாள்.

"நான் வாயே தொறக்கலக்கா. அவ கேட்டுக்கினா."

உன் வாக்கியமும் அப்படிக் கேட்கப்பட வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம். போய் வா, கண்ணு.

உன் அம்மா